மூன்றாண்டு பழைய கை உறை

பாம்பன் பக்கத்திலிருந்து வந்த அந்த அக்கா, பையிலிருந்து அழுத்த உறையை எடுத்து என் மேசைமேல் வைத்தார். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு வீங்கிய கையை, மணிக்கட்டிலிருந்து தோள் வரை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய உறை அது. எங்களிடம் வரும் பெண்கள் அதைக் 'கை சாக்ஸ்' என்பார்கள். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். இழுத்த இடத்திலேயே நின்றது, திரும்பச் சுருங்கவில்லை. முழங்கை மடியும் இடத்தில் பிரிந்த தையலைக் கறுப்பு நூலால் தைத்து வைத்திருந்தார்.

"எத்தனை நாளாக இதைப் போடுகிறீர்கள் அக்கா?"

"மூன்று வருடம் ஆகிறது டாக்டரம்மா. பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன்."

தினமும் போட்டுத் துவைக்கும் உறையின் பிடி ஏறத்தாழ ஆறு மாதம்தான் நிற்கும். ஒன்று காயும்போது மாற்றிப் போட இன்னொன்று வேண்டும். ஆக, ஆண்டுக்கு நான்கு உறை. கை அளவுக்குப் பொருந்தும் நல்ல உறை ஒன்றுக்கே ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டும். பிடி விட்டுப்போன உறையைப் போடுவதும் போடாததும் ஒன்றுதான் என்று சொன்னேன். அக்கா பதில் பேசவில்லை. உறையை நான்காக மடித்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் இயன்முறை மருத்துவர். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம் என்று ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து வரும் பெண்களின் கை வீக்கத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அக்கா யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளை அறுவை சிகிச்சையில் எடுத்த பிறகு, அல்லது அங்கே 'கரண்ட்' (கதிர்வீச்சு) வைத்த பிறகு, கையிலிருந்து நிணநீர் (திசுக்களில் ஊறும் நீர்) வடியும் வழி குறுகிவிடுகிறது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது. சிலருக்குச் சில மாதங்களில் வரும், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து வரும். வந்துவிட்டால் முற்றாகப் போகாது. கட்டுக்குள் வைக்கலாம், ஆனால் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கான காசும் கடைசிவரை போய்க்கொண்டே இருக்கும்.

புற்றுநோய் என்று தெரிந்ததும் குடும்பம் அறுவைக்கும் கீமோவுக்கும் கரண்டுக்கும் கணக்குப் போடுகிறது. அந்தச் செலவுக்கு அரசும் தோள் கொடுக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடம் உண்டு. அக்காவின் பெரிய செலவெல்லாம் அந்த அட்டையில்தான் முடிந்தது. பிறகு, "குணமாகிவிட்டது, இனி செக்கப்புக்கு மட்டும் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த 'மட்டும்' என்ற ஒரு சொல்லுக்குள், அதன் பிறகு அக்காவுக்கு ஆன எட்டு ஆண்டுச் செலவு அடங்கியிருக்கிறது.

ஹார்மோன் சார்ந்த புற்றுநோய் என்றால் தினம் ஒரு மாத்திரை, குறைந்தது 5 ஆண்டு. 1,825 மாத்திரை. சிலருக்கு 10 ஆண்டு. இவற்றில் டமோக்சிஃபென் என்ற மாத்திரையின் விலை அதிகமில்லை. மாதவிடாய் நின்றவர்களுக்குக் கொடுக்கும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் எலும்பின் வலுவைக் குறைக்கும். எனவே கால்சியம், வைட்டமின் டி, எலும்பு அடர்த்தி ஸ்கேன் என்று செலவு கிளை விடும். இருக்கிற மார்பகத்துக்கு ஆண்டுதோறும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே). தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய தொகை இல்லை. அதனால்தான் யாரும் இதைக் கடனாக எண்ணுவதில்லை. அக்காவின் வீட்டில், சிகிச்சை நடந்த ஆண்டில் அடகு வைத்த வளையல் வட்டி கட்ட முடியாமல் மூழ்கிப்போனது. மாதா மாதம் வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் மாத்திரைக்கும் பஸ்ஸுக்கும் சரியாகிவிடுகிறது.

ஆனால் எல்லாச் செலவையும்விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதை எந்த ரசீதிலும் பார்க்க முடியாது.

அக்கா பாசி எடுப்பவர். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கி, மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய பாறைகளிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி பறிப்பது அவர் தொழில். சிறுமியாக இருந்தபோதே தாயோடு கடலில் இறங்கியவர். அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, "இந்தக் கையால் எடையே தூக்கக் கூடாது" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தோடு அவர் கடலை விட்டுவிட்டார். கருவாடு காயவைக்கிற இடத்தில் கூலிக்குப் போனார். அங்கே கிடைப்பது பாசியில் கிடைத்ததில் பாதிகூட இல்லை.

அந்த அறிவுரை பழையது. 2009இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வு, கை வீங்கிய பெண்களுக்கு மேற்பார்வையோடு சிறிது சிறிதாக எடை கூட்டிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. வீக்கம் கூடவில்லை. திடீர் திடீரென்று கை வீங்கி அவதிப்படுவது குறைந்தது. இப்படித் தெரிந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும் "தூக்காதே" என்று சொல்லி அனுப்புகிறோம் என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது வெறும் எச்சரிக்கை. குடம் சுமந்து, கூடை சுமந்து பிழைப்பவருக்கு அது தொழிலையே பறிக்கும் சொல். என் துறையினரும் இதைச் செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கடலில் உண்மையான ஆபத்து எடை அல்ல, காயம். பாறை கிழித்த சிறு கீறல் போதும். வீங்கிய கையில் கிருமி வேகமாகப் பரவும். கை சிவந்து, சூடேறி, குளிர் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அக்காவுக்குப் போன ஆண்டு அப்படித்தான் ஆனது, அதுவும் மீன் முள் குத்தி. நான்கு நாள் தனியார் மருத்துவமனையில் படுத்து ஊசி போட்டுக்கொண்டார். உறைக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்த பணம் எல்லாம் அதில் போயிற்று, மேலே கடனும் ஆயிற்று.

அடுத்தது மதுரைப் பயணம். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, ஆனாலும் கரண்ட் வைத்த இடத்துக்குத்தான் செக்கப்புக்குப் போக வேண்டியிருக்கிறது. ராமேசுவரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, மதுரை பஸ்ஸில் உண்டு. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை தீவிலிருந்து ரயிலே இல்லை. துணைக்கு ஒருவர், இருவருக்கும் சாப்பாடு, இருவருக்கும் ஒரு நாள் கூலி இழப்பு. அக்காவின் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். "தடைக்காலத்தில் துணைக்கு ஆள் இருக்கிறது, கையில் காசு இல்லை. தடை முடிந்தால் காசு இருக்கிறது, ஆள் இல்லை" என்றார் அக்கா. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது நமக்குச் செய்தி. அவருக்கு அதுதான் செக்கப் தேதியைத் தள்ளிப்போடும் காரணம். இரண்டு ஆண்டு மேமோகிராம் இப்படியே விட்டுப்போயிருந்தது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ரயிலில் புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சைக்கும் செக்கப்புக்கும் கட்டணச் சலுகை உண்டு. இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் தள்ளுபடி, ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, கூட வருபவருக்கும் 75 சதவீதம். இதற்கான படிவத்தில் மருத்துவமனை கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். எட்டு ஆண்டில் ஒருவர்கூட அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.

வேண்டாத செலவும் இருக்கிறது. "ஒரு தடவை உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்ற பயத்தில் நகையை விற்றுப் பெட் ஸ்கேன் எடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆரம்ப நிலையில் சிகிச்சை முடித்து, எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பவருக்கு ஆண்டுதோறும் பெட் ஸ்கேனோ, எலும்பு ஸ்கேனோ, புற்றுநோய்க் குறியீட்டு ரத்தப் பரிசோதனையோ தேவையில்லை என்றுதான் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் வழிகாட்டுதலும் சொல்கிறது. மருத்துவர் கையால் பரிசோதிப்பதும் மேமோகிராமும்தான் அடிப்படை. புதிதாக எலும்பு வலி, விடாத இருமல், மூச்சுத் திணறல், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் அது வேறு, அப்போது கட்டாயம் பார்க்க வேண்டும். எந்தப் பரிசோதனை எழுதினாலும், "இதன் முடிவைப் பார்த்து என் சிகிச்சை மாறுமா?" என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

மாத்திரை விஷயத்திலும் மருத்துவரிடம் பேச வேண்டும். காசில்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கிறார்கள். திட்டுவார்கள் என்ற பயம். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்குமா, மக்கள் மருந்தகத்தில் அதே மருந்து குறைந்த விலைக்கு இருக்கிறதா, மூன்று மாதத்துக்குச் சேர்த்து எழுத முடியுமா என்று பார்க்க வழி உண்டு. மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "வலி இருக்கிறதா?" என்று கேட்கிற அதே மூச்சில், "மாத்திரை வாங்கக் கஷ்டமாக இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். தலை குனிந்து அவர்கள் சொல்லும் பதிலில் பாதி நோய் தெரிந்துவிடும்.

அக்காவுக்கு என்ன செய்தோம்? முதலில் சில வாரம் கட்டுத்துணி சுற்றி வீக்கத்தைக் குறைத்தோம். அது வடிந்த பிறகே உறைக்கு அளவெடுத்தோம். வீங்கிய கைக்கு அளவெடுத்து வாங்கினால் அந்தப் பணம் வீண். தெரிந்த சிலர் உதவியில் இரண்டு உறை வாங்கினோம். பாசிக்குப் போகும் நாளில் மாட்ட நீளமான ரப்பர் கையுறை ஒன்று. செக்கப் தேதியை வெள்ளிக்கிழமைக்கு மாற்றித் தரும்படி கேட்டு மருத்துவருக்கு ஒரு கடிதம், ஏனென்றால் அவர் வீட்டுக்காரரின் படகு அன்று கரையில் நிற்கும்.

ஐந்து மாதம் கழித்து வந்தார். டேப்பை எடுத்து இரண்டு கையையும் அளந்தேன். முழங்கைக்கு மேலே 4 சென்டிமீட்டராக இருந்த வித்தியாசம் 2 ஆகியிருந்தது. சீட்டில் எழுதும்போது, "இந்தக் கையால் தண்ணீர்க் குடம் எடுக்கலாமா?" என்று கேட்டார். எட்டு ஆண்டாக மகள்தான் எடுக்கிறாளாம்.

"எடுக்கலாம். முதல் இரண்டு வாரம் கால் குடம். அப்புறம் அரைக் குடம். கை கனத்தால் நிறுத்திவிட்டு என்னிடம் வாருங்கள்."

கால் குடம் என்றால் எவ்வளவு உயரம் என்று விரலால் காட்டச் சொன்னார். காட்டினேன்.