மலைக்குப் போகும் ஸ்கோப்புக்கு 36 மி.மீ. போதும்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், மவுண்ட் குக் சிகரத்தைச் சுற்றிய சரிவுகளில் இமயமலை வரையாடுகள் மேய்கின்றன. 1904-இல் வேட்டைக்கென்று கொண்டுவந்து விடப்பட்டவை. அங்கே இவற்றைத் தின்னும் விலங்கு எதுவும் இல்லாததால் பல்கிப் பெருகி, மலையுச்சிச் செடிகளை மேய்ந்து தீர்க்கின்றன. எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டக் கூடாது என்று 1993-இலேயே திட்டம் வகுத்த அரசு, வேட்டைக்காரர்களை வரவேற்கவே செய்கிறது. (இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்டை குற்றம். நம் நீலகிரி வரையாட்டை யாரும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டாம்.)

அந்தச் சரிவுகளில் ஏறுபவர்கள் மூட்டையைக் கிராம் கணக்கில் பார்ப்பவர்கள். ஆனால் குறிபார்க்க ரைபிள் மேல் பூட்டும் தொலைநோக்கியான ஸ்கோப் என்று வந்தால் அவர்களிலும் பலர் பெரிய லென்ஸுக்கு மயங்குகிறார்கள். 2.5-8×36 அளவுள்ள ஸ்கோப் 350 கிராமுக்குள் கிடைக்கும். 5-25×56 வகை ஒரு கிலோவைத் தொடும். பெருக்கல் குறிக்கு முன்னால் இருப்பது உருப்பெருக்கம். பின்னால் இருப்பது பொருளருகு லென்ஸின், அதாவது இலக்கைப் பார்த்திருக்கும் முன் லென்ஸின், விட்டம், மில்லிமீட்டரில். லென்ஸை அதே வடிவத்தில் பெரிதாக்கினால் எடை விட்டத்தின் மும்மடிக்கு ஏறும். 36 மி.மீ. 56 ஆகும்போது கண்ணாடி கிட்டத்தட்ட நான்கு மடங்கு கனக்கும்.

அவ்வளவு கண்ணாடியைத் தூக்கிப் போனால் கண்ணுக்கு என்ன கிடைக்கிறது?

பொருளருகு லென்ஸில் நுழைந்த ஒளி, கண் பக்கம் ஒரு சிறு வட்டமாக வெளிவருகிறது. அந்த வட்டத்தின் அகலம், லென்ஸ் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வருவது. 8×56 என்றால் 7 மி.மீ. நல்ல இருட்டில் இளைஞரின் கண்மணி விரியும் அளவும் ஏறக்குறைய அதுதான். ஜெர்மனியில் நிலா வெளிச்சத்தில் பரண்மேல் உட்கார்ந்து காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பவர்கள் 8×56-ஐ விரும்புவதில் அர்த்தம் இருக்கிறது. மரமே இல்லாத பனிச்சரிவில், பட்டப்பகலில், கண்மணி 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். 36 மி.மீ. லென்ஸ் 8 மடங்கில் தரும் 4.5 மி.மீ. வட்டத்திலேயே பாதிக்கு மேல் கண்மணியைச் சுற்றியுள்ள கருவிழியில் பட்டு வீணாகிறது. அந்தி சாயும்போது உருப்பெருக்கத்தை 6-க்கு இறக்கினால் வட்டம் 6 மி.மீ. ஆகிவிடும். ஐம்பதைத் தாண்டியவர்களின் கண்மணி பெரும்பாலும் அவ்வளவு விரிவதுமில்லை.

“பெரிய லென்ஸ் நுணுக்கமாகக் காட்டுமே” என்பார்கள். கோட்பாட்டளவில் உண்மை. ஒளி அலையாக இருப்பதால் 36 மி.மீ. லென்ஸால் 300 மீட்டர் தொலைவில் சுமார் 6 மி.மீ. இடைவெளியுள்ள இரு புள்ளிகள் வரை பிரித்துக் காட்ட முடியும். ஆனால் 10 மடங்கு பெரிதாக்கினாலும், நம் கண் அந்தத் தொலைவில் 9 மி.மீ. அளவுக்குத்தான் பிரித்தறியும். சிறிய லென்ஸ் தருவதையே முழுதாக வாங்கிக்கொள்ளக் கண்ணால் முடியவில்லை.

காசைக் கொட்டுவதென்றால் பூச்சுக்குக் கொட்டலாம். பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பியடிக்கும். ஸ்கோப்பின் உள்ளே தலைகீழ் பிம்பத்தை நிமிர்த்துவதற்கென்றே தனி லென்ஸ்கள் உண்டு. எல்லாம் சேர்ந்து 16 பரப்புகள் என்று வைத்துக்கொண்டால், கண்ணுக்கு வந்து சேர்வது பாதி ஒளிதான். 1935-இல் ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனமான சைஸின் (Zeiss) அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சின் வழிவந்தவை இன்றைய பல அடுக்குப் பூச்சுகள். பரப்புக்கு இழப்பு அரை சதவீதமானால் 92 சதவீதம் வந்துவிடும். சூரியனை நோக்கிக் குறிபார்க்கும்போது திரை போட்டாற்போல் வெளுக்காமல் இருப்பதும் இதனால்தான். எடையோ துளிகூடக் கூடுவதில்லை.

ஸ்கோப்பின் உடலான குழல் 30 மி.மீ. விட்டத்தில் இருந்தால் ஒரு அங்குலக் குழலைவிட அதிக ஒளி தரும் என்பது கடைக்காரர் கதை. குறியை மேலும் கீழும் நகர்த்த உள்ளே கூடுதல் இடம் கிடைக்கும், அவ்வளவே. கண் நடுவிலிருந்து விலகினால் குறி இலக்கின்மேல் நகர்வதுபோல் தோன்றுவது இடமாறு தோற்றப் பிழை. அதைச் சரிசெய்யப் பக்கவாட்டில் இருக்கும் திருகும் அப்படித்தான். 100 மீட்டருக்குச் சரிசெய்த 36 மி.மீ. ஸ்கோப்பில், கண் எவ்வளவு விலகினாலும் 300 மீட்டரில் பிழை 3.6 செ.மீ. மட்டுமே. 56 மி.மீ. ஆனால் 5.6 செ.மீ. பெரிய லென்ஸ்தான் அந்தத் திருகையே தேவையாக்குகிறது.

எடை குறைந்தால் இன்னொரு லாபம் உண்டு. சுடும்போது ரைபிள் பின்னால் பாய்கிறது. ஸ்கோப்பையும் இழுத்துக்கொண்டு போவது அதைப் பிடித்திருக்கும் வளையங்கள். விசை நிறையைப் பொறுத்தது என்பதால் 350 கிராம் ஸ்கோப் வளையங்களை இழுப்பது, ஒரு கிலோ ஸ்கோப் இழுப்பதில் மூன்றில் ஒரு பங்கே. பாறையில் இடிபட்டாலும் அதே கணக்கு. ஆனால் ரைபிளே இலேசாக இருந்தால் அதே உந்தத்துக்கு இன்னும் வேகமாகப் பின்வாங்கும். மேல்நோக்கிச் சுடும்போது முகம் ஸ்கோப்பை நெருங்கிவிடுவதால், கண்ணுக்கும் கடைசி லென்ஸுக்கும் இடையே 9 செ.மீ. இடைவெளியிலேயே முழுப் பிம்பமும் தெரிய வேண்டும். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் புருவம் கிழியும்.

சரிவின் கோணத்தை மட்டும் எந்த லென்ஸும் பார்த்துக்கொள்ளாது. ஈர்ப்பு குண்டைக் கீழே இழுப்பதற்குக் கிடைமட்டத் தூரமே கணக்கு. 35 பாகைச் சரிவில் 300 மீட்டர் என்றால் 246 மீட்டருக்கே குறிவைக்க வேண்டும், ஏற்றமானாலும் இறக்கமானாலும். முழு 300-க்கும் வைத்தால் குண்டு ஆட்டின் முதுகுக்கு மேலே போய்விடும்.