டிரைவர் எழுதி முடிக்கும்வரை பஃபரை விடாதீர்கள்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய சென்சர் போர்டோ, இரத்மலானைத் தொழிற்சாலையில் ஓடும் பொதியிடும் இயந்திரமோ, அதனோடு வரும் டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) பெரும்பாலும் சி மொழியில்தான் இருக்கும். நம் பொடியன்கள் மேலே எழுதுவதோ பைதனில், இல்லாவிட்டால் சி ஷார்ப்பில். நடுவில் கைமாறுவது ஒரு நினைவக முகவரி மட்டுமே. "சேர், புரோகிராம் சில நேரம் தானாக மூடிக்கொள்கிறது" என்று யாராவது வந்தால், நான் முதலில் திறந்து பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

வழமையாகக் காண்பது இது. ஒரு பங்ஷனுக்குள் 1000 வாசிப்புகளுக்கு பஃபர் (அவற்றை இட ஒதுக்கிய நினைவகப் பகுதி) உருவாக்கி, முகவரியை டிரைவரிடம் கொடுத்து, வாசிக்கத் தொடங்கச் சொல்கிறார்கள். அந்த அழைப்பு உடனே திரும்பிவிடும். வாசிப்பு பின்னணியில் ஓடும். பங்ஷன் முடிந்ததும் பஃபரைப் பிடித்திருந்த மாறி போய்விடுகிறது, பைதன் அந்த நினைவகத்தை விடுவிக்கிறது. டிரைவருக்கு அது எப்படித் தெரியும்? அது தன் பாட்டில் எழுதிக்கொண்டிருக்கும். வெள்ளவத்தையில் அனெக்ஸைக் காலிசெய்து போனவர், பழைய சாவியோடு வந்து புதுக் குடித்தனக்காரரின் அறையில் பெட்டிகளை இறக்குவது போலத்தான். விடுவித்த அந்த நினைவகத்தில் இப்போது மோட்டாருக்கு அனுப்பவிருக்கும் வேக எண்கூட இருக்கலாம். புரோகிராம் விழுந்தால் அதிர்ஷ்டம். விழாமல், பிழையான எண்ணோடு ஓடுவதற்குத்தான் நான் பயப்படுவேன்.

விழுவதும் சம்பந்தமே இல்லாத வரியில் விழும். தேடுவதற்காக ஒரு பிரிண்ட் வரியைச் சேர்த்தால் பிழையே மறைந்துவிடும். (அதோடு "சரி, திருந்திவிட்டது" என்று வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுபவர்களும் உண்டு.)

பஃபரை, சாதனத்தைக் கையாளும் கிளாஸின் உறுப்பாக வைத்திருங்கள். டிரைவருக்கு நிறுத்தக் கட்டளை கொடுத்து, அது நின்றதை உறுதிசெய்த பிறகே விடுங்கள். கால்பேக் பங்ஷன்களுக்கும் (டிரைவர் பிறகு அழைப்பதற்காக நாம் கொடுத்துவைக்கும் பங்ஷன்கள்) இதே கதைதான். சி ஷார்ப்பில் இன்னொரு தொல்லை: குப்பை சேகரிப்பான் (பயன்படாத நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் பகுதி) பஃபராக இருக்கும் அணியை (array) வேறிடத்துக்கு நகர்த்தவும் கூடும். அழைப்பு நடக்கும் நேரத்துக்கு மட்டும் பிடித்துவைத்தால் பின்னணி வாசிப்புக்குப் போதாது. வாசிப்பு முடியும்வரை, நகராதபடி பின் (pin) செய்து வையுங்கள்.

அப்புறம் அளவுகள். டிரைவர் கேட்பது பைட்டுகளா, வாசிப்புகளா? 16 பிட் என்றால் 1000 வாசிப்புக்கு 2000 பைட். 64 பிட் விண்டோஸில் சி மொழியின் லாங் என்ற முழு எண் வகை 4 பைட், லினக்ஸில் 8.

இவ்வளவும் பார்த்த பிறகும், அவசர நிறுத்தப் பொத்தானை இந்த மென்பொருள் வழியாக மட்டும் இணைக்காதீர்கள். அது தனி வயரில் மோட்டாரின் மின்சாரத்தையே துண்டிக்கட்டும்.