ஹெட்போன் ஆம்ப், டிஏசி யாருக்கு வேண்டும்?

ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை பார்ப்பதால், புதிதாக ஹெட்போன் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "எந்த டிஏசி வாங்கலாம், எந்த ஆம்ப் வாங்கலாம்?" ஹெட்போன் ப்ளூடூத்தா, ஒயரா என்று முதலில் கேட்பேன். ப்ளூடூத்தில் கேட்கிறவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். டிஜிட்டல் சிக்னலை மின் அலையாக மாற்றும் டிஏசியும், அந்த அலைக்கு வலு கூட்டும் ஆம்பும் அந்த ஹெட்போனுக்குள்ளேயே இருக்கின்றன.

ஒயர் என்றால் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ என்ற ஹெட்போன் 32, 80, 250 ஓம் (மின்தடையின் அளவு) என்று மூன்று வகையில் கிடைக்கும். எண் பெரிதானால் தரமும் கூடும் என்று நம்பி 250 ஓம் வாங்கிவிட்டு, போனில் சத்தமே பத்தவில்லை என்று வருகிறார்கள். அந்த ஹெட்போன் 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் தரும். 250 ஓமில் 1 மில்லிவாட் போக அரை வோல்ட் வேண்டும். போனில் செருகும், 1 வோல்ட் தரும் சின்ன யூஎஸ்பி-சி டாங்கிள் இருந்தால் உச்சத்தில் 102 டெசிபல் வரை வரும். சினிமாப் பாட்டுக்கு அது தாராளம். தாழ்ந்த அளவில் பதிவான கச்சேரிகளுக்குப் போதாமல் போகலாம். ஆம்ப் வாங்க அது நியாயமான காரணம்.

பல டிரைவர் (குட்டி ஸ்பீக்கர்) வைத்த இன்-இயர்களுக்கு, அதாவது காதுக்குள் செருகும் இயர்போன்களுக்கு, பிரச்சினை வேறு. அவற்றின் மின்தடை அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியீட்டில் அதன் சொந்த மின்தடை) அதிகமானால் பாஸ் வீங்கும், அல்லது மேல் ஸ்வரங்கள் மங்கும். அது இன்-இயரின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் கவலையில்லை.

டிஏசியைப் பொறுத்தவரை, ஒழுங்காகச் செய்த எதுவும் இன்று போதும் என்பதே என் கருத்து. லேப்டாப் ஜாக்கில் மவுஸை நகர்த்தும்போதெல்லாம் கிர்ரென்று இரைச்சல் வந்தால் வெளி டிஏசி வாங்குங்கள், பலன் உடனே தெரியும்.

சரி, கடையில் கேட்டபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்ததே என்பீர்கள். ஒரு ஆம்ப் ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே, நமக்குச் சத்தம் கூடியதாகத் தோன்றாது. தெளிவு கூடியதாகவே தோன்றும். இதைச் சரிபார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஜாக்கில் ஸ்ப்ளிட்டர் போட்டு, ஒரு பக்கம் ஹெட்போனையும் மறுபக்கம் மீட்டர் முனைகளையும் இணையுங்கள். ஹெட்போனைக் காதில் மாட்டாமல், மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிடுங்கள். இரண்டு ஆம்பிலும் ஒரே வோல்ட் காட்டும்வரை வால்யூமைத் திருகுங்கள். அப்புறம் எது ஓடுகிறதென்று உங்களுக்குத் தெரியாதபடி நண்பர் ஒருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். பளிச்சென்று தெரிந்த வித்தியாசம் பெரும்பாலும் அங்கேயே காணாமல் போகும். அதற்குப் பிறகும் தெரிந்தால் தாராளமாக வாங்குங்கள்.

வாங்கிய ஆம்பில் எனக்கு உண்மையில் பயம் தருவது அதன் வலுதான். 80 டெசிபலை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 90 டெசிபலில் மிஞ்சுவது வாரத்துக்கு 4 மணி நேரம். கெயின் சுவிட்ச் (ஆம்ப் எவ்வளவு வலு கூட்ட வேண்டும் என்பதை மாற்றுவது) இருந்தால் 'லோ'வில் வையுங்கள். வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஹெட்போனைச் செருகுங்கள். பாட்டை நிறுத்திய பிறகும் காதில் கொய்ங்கென்ற சத்தம் அடங்காவிட்டால் தள்ளிப்போடாமல் காது மருத்துவரைப் பாருங்கள்.