ஒற்றைப் பூட்டைப் பிரிக்கும் முன்

மதுரையை அடுத்த வடபழஞ்சியில் அமர்ந்து, கருவிகளை இயக்கும் மென்பொருளான டிவைஸ் டிரைவர்களோடு மல்லுக்கட்டும் என்னிடம், புதிதாகப் பணியில் சேரும் பிள்ளைகள் தவறாமல் கொண்டுவரும் யோசனை ஒன்று உண்டு: “சார், இந்த குளோபல் லாக்கை எடுத்துவிட்டு ஒவ்வொரு பட்டியலுக்கும் தனித்தனி லாக் வைத்தால் நான்கு கோரும் சும்மா நிற்காதே?” லாக் என்பது பொதுவான தரவை ஒரு நேரத்தில் ஒருவரே தொட விடும் பூட்டு. எல்லாவற்றுக்கும் அது ஒன்றே என்றால், பிராசசரில் தனித்தனியாக வேலை செய்யும் கோர்களில் ஒன்று அதைப் பிடித்திருக்கும்போது மற்றவை காத்து நிற்கும். யோசனையில் தவறில்லை. ஆனால் அந்த ஒற்றைப் பூட்டு எதையெல்லாம் காத்து வந்தது என்று திருப்பிக் கேட்டால் பதில் வருவதில்லை.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் 1996இல் 2.0 பதிப்போடு நுழைந்த பிக் கெர்னல் லாக் அப்படியொரு ஒற்றைப் பூட்டு. அது 2011இல் வெளியான 2.6.39 பதிப்பில்தான் முற்றாக வெளியேறியது. அதைப் பிடித்திருந்த பிராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், எதற்காகவாவது காத்து உறங்கப்போனால் கெர்னலே பூட்டை விடுவித்து, எழுந்ததும் மறுபடி பிடித்துக் கொடுத்தது. பிடித்தவரே மீண்டும் பிடிக்கவும் தடையில்லை. மியூடெக்ஸ் என்ற சாதாரணப் பூட்டில் இந்த இரண்டு சலுகையும் கிடையாது என்பதால், இவற்றை அறியாமலே நம்பியிருந்த ஒவ்வொரு டிரைவரையும் திறந்து படித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

நானும் சுட்டுக்கொண்டவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்காக எழுதிய டிரைவரில், தரவைத் தற்காலிகமாக வைக்கும் பஃபர்களில், காலி பஃபர் பட்டியலுக்கு ஒன்றும் நிரம்பிய பஃபர் பட்டியலுக்கு ஒன்றுமாக இரண்டு ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை கோர் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும் பூட்டு) வைத்தேன். பஃபரை இடம் மாற்றும் ஃபங்ஷன் காலிப் பட்டியலின் பூட்டை முதலில் பிடித்தது. பிழை நேர்ந்தால் மட்டும் ஓடும் ரீசெட் பாதையோ நிரம்பிய பட்டியலின் பூட்டை முதலில் பிடித்தது. மேசைச் சோதனையில் பிழையே வராததால் எல்லாம் சரியாகவே தெரிந்தது. களத்தில் ஒரு கேபிள் தளர்ந்த அன்று, கீழமாசி வீதிச் சந்து ஒன்றில் எதிரெதிரே நுழைந்துவிட்ட இரண்டு குட்டியானைகளைப் போல, இரண்டு கோரும் ஒன்றன் பூட்டுக்காக மற்றொன்று காத்து நின்றன, கருவி உறைந்துபோனது.

லினக்ஸில் 2006இலிருந்தே இருக்கும் லாக்டெப் என்ற சோதனை வசதி, பூட்டுகள் பிடிக்கப்படும் வரிசையைக் குறித்துவைத்து, வெவ்வேறு நேரத்தில் ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் பிடித்திருந்தாலே எச்சரித்துவிடும். இப்படி ஒன்றுக்காக ஒன்று காத்து முடங்கும் டெட்லாக் உண்மையில் நேர வேண்டிய தேவையில்லை. ஆனால் அந்தப் பாதை ஒருமுறையாவது ஓடியிருக்க வேண்டும். வேகம் குறைகிறது என்று நான் அதை அணைத்தே வைத்திருந்தேன் என்பது தனி வெட்கம்.

பூட்டுகளைப் பிரித்தும் வேகம் கூடாமல் போவதுண்டு. பிராசசர் நினைவகத்திலிருந்து ஒரே துண்டாக எடுத்துவருவது கேச் லைன். பல பிராசசர்களில் 64 பைட் அளவுள்ள ஒரே கேச் லைனுக்குள் பல ஸ்பின்லாக்குகள் அருகருகே அமர்ந்துவிட்டால், வெவ்வேறு பூட்டைத் தொடும் கோர்களும் அந்த ஒரே லைனை மாறி மாறி இழுத்துக்கொள்ளும். ஆகவே பிரிப்பதற்கு முன், பூட்டுகளில் நேரும் காத்திருப்பைக் கணக்கிடும் லாக்ஸ்டாட்டை இயக்கி, காத்திருப்பு உண்மையிலேயே அந்தப் பூட்டில்தானா என்று அளந்து பாருங்கள். பல நேரங்களில் பூட்டைப் பிடித்துக்கொண்டே செய்யும் வீண்வேலையை வெளியே எடுத்தாலே போதுமானதாகிவிடுகிறது.

அந்த டிரைவரில் இப்போது தரவுகளைத் தொகுத்து வைக்கும் ஸ்ட்ரக்சரின் ஒவ்வொரு உறுப்புக்கும் அருகே அதைக் காக்கும் பூட்டின் பெயர் எழுதியிருக்கிறது. கோப்பின் தலையில் ‘காலி முதலில், நிரம்பியது பிறகு’ என்ற ஒரு வரியும் உண்டு. ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் லாக்டெப்பை இயக்கிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் கருவியின் கேபிளைக் கையால் பிடுங்கிச் செருகுகிறோம்.