அலமாரி மேல உக்காந்து ஒட்டுக்கேக்குதா?

போன வாரம் அம்மா சீரியல் பாத்துக்கிட்டே அதுல வர்ற மாமியாரை வாய்க்கு வந்தபடி திட்டிட்டு இருந்தாங்க, திடீர்னு அலமாரி மேல இருந்த ஸ்மார்ட் ஸ்பீக்கர் லைட்ட போட்டு இங்கிலீஷ்ல சாரி கேட்டுச்சு. அம்மா மிரண்டுட்டாங்க. "இத்தன நாளா நாம பேசுறதெல்லாம் கேட்டுட்டா இருந்துச்சு?"

கேட்டுக்கிட்டுதான் இருக்கு, ஆனா கேக்குறது வேற, ரெக்கார்ட் பண்ணி அனுப்புறது வேற. மைக்ல விழுற சத்தம் உள்ள இருக்குற மெமரில சில வினாடிதான் நிக்கும், புதுசு வர வர பழசு அழிஞ்சிடும். அதுக்குள்ள ஒரு குட்டி புரோகிராம் "அலெக்சா" மாதிரி கூப்பிடுற சொல் வந்துச்சான்னு மட்டும் தேடும். அதுக்கு அர்த்தமெல்லாம் தெரியாது, சத்தம் எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு மார்க் போடும், பாஸ் மார்க் தாண்டிட்டா லைட் எரியும், அதுக்கப்புறம் பேசுறது கம்பெனி சர்வருக்குப் போயிடும்.

வில்லங்கமே அந்த பாஸ் மார்க்லதான். கறாரா வெச்சா தொண்டை கிழிய கத்தினாலும் கண்டுக்காது, தளர்த்திட்டா சீரியல் சண்டைக்கெல்லாம் முழிச்சுக்கும்.

2018ல அமெரிக்காவுல போர்ட்லாண்ட் நகரத்துல ஒரு புருஷன் பொண்டாட்டி வீட்டுக்கு மரத்தரை போடுறத பத்தி பேசிட்டு இருந்திருக்காங்க. அங்க இருந்த அமேசான் எக்கோ ஸ்பீக்கர் அதுல ஏதோ ஒரு சொல்ல "அலெக்சா"ன்னு எடுத்துக்கிச்சு, அடுத்து வந்தத "மெசேஜ் அனுப்பு"ன்னு எடுத்துக்கிச்சு, யாருக்குன்னு கேட்டுச்சு, இவங்க பேச்சுலயே ஒரு பேரையும் "சரி"ங்குற பதிலையும் அதுவா புடிச்சுக்கிட்டு, அவங்க பேச்ச ரெக்கார்ட் பண்ணி சியாட்டில்ல இருந்த ஒருத்தருக்கு அனுப்பிடுச்சு. ஒட்டுக்கேக்கணும்னு யாரும் திட்டம் போடல, நாலு தடவ வரிசையா காது தப்புச்சு, அவ்ளோதான்.

இப்படி சர்வருக்குப் போனத மனுஷங்களும் கேட்டிருக்காங்க. புரோகிராமுக்கு பாடம் சொல்லிக்குடுக்க ஊழியர்கள் கேட்டு எழுதுறாங்கன்னு 2019ல வெளிய வந்துச்சு, அமேசான், கூகுள், ஆப்பிள் மூணுமே மாட்டுச்சு.

கேமரா இன்னும் மோசம், அதுக்கு கூப்பிடுற சொல்லே தேவையில்ல. வீட்டுக்கு மாட்டுற கேமரா விக்குற ரிங் கம்பெனியோட ஊழியர் ஒருத்தர் பெண்களோட படுக்கையறை வீடியோவ ஆயிரக்கணக்குல பாத்திருக்கார்னு அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டுச்சு, 2023ல அந்த கம்பெனி 58 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிச்சு. ஹேக்கரே வேணாம், வீடியோ அடுத்தவன் கம்ப்யூட்டர்ல கிடக்குது, சாவி உள்ள இருக்குறவன்கிட்ட.

அதனால ஒரு பொருள் வாங்கும்போது நான் பாக்குறது ஒண்ணுதான், மியூட் பட்டன் மைக்குக்குப் போற கரண்ட்டையே நிறுத்துதா, இல்ல சாஃப்ட்வேர்கிட்ட "கேக்காத"ன்னு சொல்லி வைக்குதா. கேமராவுக்கு லென்ஸ் மேல தள்ளி மூடுற மூடி இருந்தா போதும், அத எந்த ஹேக்கராலயும் நெட் வழியா திறக்க முடியாது.

அம்மாவுக்கு பட்டன் மேலயும் நம்பிக்கை இல்ல. சீரியல் ஆரம்பிக்கும்போது ஸ்பீக்கர் பிளக்கைப் புடுங்கிட்டு அங்க கொசு மெஷின மாட்டிடுறாங்க.