செடிக்குள் எறியும் முன் எந்த ரிக் கட்டுவது?

வடசென்னையில் தூண்டில் சாமான் விற்கிறவனிடம் அடிக்கடி வரும் கேள்வி, "அண்ணா, விராலுக்கு எந்த லூர் நல்லது?" என்பது. நான் திருப்பிக் கேட்பேன்: "எந்தத் தண்ணீர் தம்பி? மேலே என்ன மூடிக் கிடக்கிறது?" ரெட்டேரியில் ஆகாயத்தாமரை படர்ந்த ஓரமா, கோரை நிற்கும் கரையா, அல்லி இலை மிதக்கும் குட்டையா, எண்ணூர் கழிமுகத்தின் அலையாத்தி வேர்களா? மீன் ஒன்றாகவே இருந்தாலும் இடத்துக்கு இடம் தூண்டில் நரம்பின் நுனியில் கட்ட வேண்டிய ரிக் மாறும். ரிக் என்பது முள்ளையும் குண்டையும் லூர் என்ற செயற்கை இரையையும் கோக்கும் முறை.

அடர்ந்த மறைவுக்குள் எறிகிறவர் மீன் கடிக்குமா என்று யோசிப்பதற்கு முன், எறிந்த முள் கைக்குத் திரும்பி வருமா என்று யோசிக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணூர் கழிமுகத்தில் நீர் வற்றும் நேரத்தில் சேற்றுத் தண்ணீரில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் தடவித் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் இருளர் மக்கள் பலர். விரல்தான் அவர்களுக்கு வலை. நமக்கு அறுந்துபோன லூர் என்பது சில நூறு ரூபாய் நட்டம். அதே லூரின் மும்முனை முள் வேருக்கடியில் கிடந்து இன்னொருவர் உள்ளங்கையில் ஏறினால் அவருக்குப் பல நாள் கூலி போய்விடும். அனல்மின் நிலையச் சாம்பல் அந்தக் கழிமுகத்தை ஏற்கெனவே தூர்த்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் அங்கே படர்ந்து, அவர்கள் தொழிலை முடக்கியது. பொழுதுபோக்குக்குப் போகிற நாமும் நம் பங்குக்கு முள்ளை விட்டுவிட்டு வருவது நியாயமில்லை.

டெக்சாஸ் ரிக், பஞ்ச் ரிக், ஜிக் (தலையில் குண்டு பதித்த முள்) என்று நாம் காணொளிகளில் பார்த்துப் பழகியவை அமெரிக்க ஏரிகளில் லார்ஜ்மவுத் பாஸ் பிடிப்பவர்களால் செப்பம் செய்யப்பட்டவை. அங்கே அவை நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் பாஸ் வேறு, விரால் வேறு. பாஸ் பாசிக் கூரைக்கு அடியில் நிழலில் நிற்கும். இரையைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். விரால் காற்றைக் குடிக்கும் மீன். எவ்வளவு அடர்ந்த ஆகாயத்தாமரையாக இருந்தாலும் ஏதாவது ஓர் இடைவெளியில் மூக்கை நீட்டியாக வேண்டும். ஆகவே பஞ்ச் ரிக் என்று 28 முதல் 56 கிராம் வரை எடையுள்ள குண்டைக் கட்டி, செடிக் கூரையைத் துளைத்து அடிக்கு அனுப்பும் முறை நம் ஏரிகளுக்கு அதிகம் தேவைப்படாது. நகருக்குள் இருக்கும் ஏரிகளின் அடியில் பிளாஸ்டிக் பையும் கட்டட இடிபாடும் கிடக்கின்றன. அந்தக் குண்டு எதில் போய் மாட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைக் கேட்டு வருகிறவர்களை நான் பெரும்பாலும் தவளை லூர் பக்கம் திருப்பிவிடுவேன்.

ஆகாயத்தாமரைக்கும் மிதக்கும் பாசிக்கும் உள்ளே காற்று நிரம்பிய ரப்பர் தவளைதான் சரி. அதன் இரட்டை முள் மேல்நோக்கி, தவளையின் முதுகோடு ஒட்டி நிற்கும். மீன் கவ்வும்போது ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். வாங்கும்போதே இதைச் சோதித்துப் பாருங்கள். தவளையை மூக்கிலிருந்து வால் பக்கமாக முதுகின் மேல் பெருவிரலால் மெல்லத் தடவினால் முள் நுனி விரலைக் கீறக் கூடாது. இரண்டு விரலால் பக்கவாட்டில் அமுக்கினால் இரண்டு நுனிகளும் தெளிவாகத் தலைகாட்ட வேண்டும். முதல் சோதனையில் தோற்றால் அது செடியில் சிக்கும். இரண்டாவதில் தோற்றால் மீன் நழுவும். ரப்பர் கெட்டியாக இருக்கும் மலிவுத் தவளைகள் பலவும் இரண்டாவதில்தான் தோற்கின்றன. தவளையைச் செடியின் மேல் இழுத்து வந்து, இடைவெளி வந்ததும் நிறுத்துங்கள். விரால் பாய்ந்தவுடன் ராடைத் தூக்காதீர்கள். நரம்பில் கனம் தெரிந்த பிறகு ஓங்கி இழுங்கள், ஏனென்றால் அதன் வாய் எலும்பாலானது. அவ்வப்போது உள்ளே புகுந்த தண்ணீரைப் பிழிந்து எடுக்காவிட்டால் தவளை மூழ்கத் தொடங்கும். மூழ்கிய தவளை செடியின் தொங்கும் நார் வேரில் சிக்கும்.

கோரையும் சம்பும் நெட்டாக நிற்கும் கரைக்குத் தவளை அவ்வளவு பொருந்தாது. அங்கே டெக்சாஸ் ரிக் நல்லது. கூம்பு வடிவக் குண்டு முன்னால், அதன் பின்னால் வளைந்த கழுத்துள்ள ஆஃப்செட் முள், அதில் ரப்பர் புழு. முள் நுனியைப் புழுவின் தலையில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் செலுத்தி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, கழுத்து வரை இழுத்துவிடுங்கள். பிறகு முள்ளைப் புழுவின் மேல் சாய்த்து வைத்து அதன் வளைவு எங்கே வருகிறது என்று அளந்து, அங்கே குத்தி மறுபக்கம் எடுத்து, நுனியை மட்டும் ரப்பரின் தோலுக்குள் மெல்லச் செருகுங்கள். புழு நேராகத் தொங்க வேண்டும். கோணினால் தண்ணீரில் சுழன்று நரம்பையும் முறுக்கிவிடும். செடிக்குள் எறியும்போது குண்டு நகராதபடி ரப்பர் தடுப்பானோ பல்குச்சித் துண்டோ வைத்து இறுக்குவது அவசியம். இல்லையென்றால் குண்டு தண்டின் ஒரு பக்கமும் புழு மறுபக்கமுமாக விழுந்து அங்கேயே மாட்டிக்கொள்ளும். கோரைக்கு 5 முதல் 10 கிராம் குண்டு போதும். அல்லிக் குட்டையில் குண்டே வேண்டாம், புழுவின் எடையே போதும்.

கரோலினா ரிக்கில் குண்டு தள்ளி நிற்கும், லூர் தனியே நீண்ட லீடரில், அதாவது நரம்பின் நுனியில் கட்டும் தனித் துண்டு நரம்பில், வரும். அது திறந்த அடித்தரைக்கு. சுழலும் தகடு கொண்ட லூரான ஸ்பின்னர்பெய்ட்டின் கம்பிக் கை முள்ளை மறைப்பதால் கோரை விளிம்பில் பிரமாதமாகப் போகும். ஆனால் இழைப் பாசியில் ஒரே இழுப்பில் அது பாசி உருண்டையாகிவிடும். மும்முனை முள் மாட்டிய பாப்பர், மின்னோ வகை லூர்களை செடிப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

அலையாத்திக்கு வருகிறேன். கொடுவா வேரடியில்தான் நிற்கிறது என்று வேருக்குள்ளேயே எறிகிறார்கள். நீர் வற்றத் தொடங்கும்போது குஞ்சு மீனும் இறாலும் வேர்க்காட்டிலிருந்து சிறு ஓடைகள் வழியாக வெளியேறும். கொடுவா அந்த ஓடை வாய்களில் வந்து காத்திருக்கும். அந்த நேரம் பார்த்துப் போனால் வேருக்குள் எறியாமலே மீன் கிடைக்கும். எடை பதித்த ஒற்றை ஆஃப்செட் முள்ளில் ரப்பர் மீன், நுனி ரப்பரில் புதைந்திருக்க வேண்டும். வேரிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும் ஆளி ஓடு, இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பைக் கத்திபோல் அறுக்கும். கொடுவாவின் செவுள் மூடியும் அப்படியே. ஆகவே தடித்த லீடர் வேண்டும். கொடுவா ஆணாக வளர்ந்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறும் மீன் என்பதால் பெரிய மீன் கிடைத்தால் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

நரம்பைப் பற்றி ஒன்று. செடிக்குள் மீன் பிடிக்க 50 பவுண்டு பிரெய்டு என்றால், லீடர் அதைவிடக் கொஞ்சம் குறைந்த வலுவில், 40 பவுண்டு அளவில் இருக்கட்டும். சிக்கினால் லீடர் முடிச்சில் அறுந்து லூர் மட்டும் போகும். லீடர் இல்லாமலோ, பிரெய்டைவிட வலுவான லீடரிலோ கட்டினால் பிரெய்டு தன் தேய்ந்த இடத்தில் அறும். பத்து இருபது மீட்டர் நரம்பு தண்ணீரில் கிடக்கும். நீர்க்காகமும் மடையானும் அதில் கால் சிக்கிச் சாகின்றன. போகும் முன் பிரெய்டின் கடைசிச் சில மீட்டரை விரலிடுக்கில் ஓட்டிப் பாருங்கள். பஞ்சு பஞ்சாக இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள்.

சிக்கிய லூரை ராடை வளைத்து வெடுக்கென்று இழுக்காதீர்கள். விடுபட்ட குண்டு உங்கள் கண்ணை நோக்கித்தான் வரும். நரம்பைத் தளர்த்தி உதறுங்கள், கரையில் மறுபக்கம் நடந்து எதிர்த்திசையிலிருந்து இழுத்துப் பாருங்கள். அறுத்தே ஆக வேண்டுமென்றால் நரம்பை ஒரு கட்டையில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராக இழுங்கள். வெறுங்கையில் சுற்றினால் பிரெய்டு சதையை வெட்டும். செடிப் பக்கம் போகும் எவரும் கண்ணாடி அணியாமல் போகக் கூடாது. முள் தன் நுனியருகே உள்ள எதிர்க்கொக்கி வரை சதையில் இறங்கிவிட்டால் பிடுங்காமல் மருத்துவமனைக்குப் போய் டெட்டனஸ் தடுப்பு ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணருகே என்றால் தொடவே வேண்டாம்.

ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகையில் இருக்கும், கேட்டுவிட்டு இறங்குங்கள். புழல் நம் குடிநீர், அங்கே வேண்டாம். மழைக்காலத்தில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போவதைக் கண்டால் அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன. அந்த விரால்கள் எதைப் போட்டாலும் கோபத்தில் கவ்வும். அவற்றைப் பிடித்தால் அத்தனை குஞ்சும் கெளுத்திக்கும் கொக்குக்கும் போகும்.

கழிமுகத்தில் லூர் அறுந்துவிட்டால் எந்த வேர், எந்த ஓடை வாய் என்று குறித்து வையுங்கள். நீர் நன்றாக வற்றியதும் செருப்புக் காலோடு போய்த் தேடி எடுங்கள். கிடைக்கவில்லையென்றால் அங்கே இறால் தடவுகிறவர்களிடம் போய், "அக்கா, அந்த மூன்றாவது வேர்ப்புதரில் முள் ஒன்று கிடக்கிறது, கை வைக்காதீர்கள்" என்று இடத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.