ரெஸ்யூமையே திருப்பி எழுதுவது கவர் லெட்டர் ஆகாது

பெங்களூரில் வேலை தேடும் நம்மவர்கள் பலர் விண்ணப்பத்தோடு அனுப்பும் கவர் லெட்டரில் (அறிமுகக் கடிதத்தில்) ரெஸ்யூமே வரிசை மாறி உட்கார்ந்திருக்கும்: படித்த கல்லூரி, வாங்கிய சதவீதம், கூடவே 'ஹார்ட் ஒர்க்கிங்'. ரெஸ்யூம்தான் எச்ஆர் கையில் ஏற்கெனவே இருக்கிறதே! அதில் கிடைக்காத மூன்று விஷயங்களைச் சொல்லத்தான் கடிதம். இந்த வேலைக்கு நீங்கள் ஏன், எப்போது வந்து சேர்வீர்கள், ரெஸ்யூமைப் பார்த்ததும் எழும் சந்தேகத்துக்கு விளக்கம் என்ன.

பள்ளியில் லீவ் லெட்டர் எழுதிப் பழகிய கை 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்று முடிக்கப் பார்க்கும். இரண்டும் வேண்டாம். 'ஐ ஆம் ரைட்டிங் டு அப்ளை' என்பதும் வீண் வரி. பதவியின் பெயர், ஜாப் ஐடி, அனுபவம் எத்தனை ஆண்டு என்பதெல்லாம் சப்ஜெக்டிலேயே இருக்கட்டும். மெயிலை போனில் திறப்பவர் கண்ணில் முதலில் படுவது இரண்டு வரிதான். உங்களிடம் உள்ள கனமான சரக்கை அங்கேயே வையுங்கள்.

எது கனமான சரக்கு? விளம்பரத்தில் கேட்டிருப்பதில் முக்கியமான இரண்டை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று கொடுங்கள். பீன்யாவில் ஒரு தொழிற்சாலைக்குத் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் தேவை என்று வைத்துக்கொள்வோம். 'குவாலிட்டியில் நான்கு ஆண்டு அனுபவம்' என்று எல்லோரும் எழுதுவார்கள். 'சிஎன்சி பிரிவில் மாதம் 40 பாகங்கள் ரிஜெக்ட் ஆயின. டூல் மாற்றும் இடைவெளியைக் குறைத்தேன். ஆறு மாதத்தில் அது 12 ஆனது' என்று எழுதினால் முன்பிருந்த நிலை, செய்த வேலை, விளைவு மூன்றும் தெரிகின்றன. இன்டர்வியூவில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள், ஆகவே சொந்தமாகச் செய்யாததை எழுதாதீர்கள். இப்போதைய நிறுவனத்தின் கிளையன்ட் பெயரையும் ரகசியக் கணக்குகளையும் வெளியே விடக்கூடாது. புதிதாகப் படித்து முடித்தவர்கள் பிராஜெக்டின் தலைப்போடு நிற்காமல், நால்வர் சேர்ந்து செய்ததில் தன் பங்கு எது என்று சொல்ல வேண்டும்.

அடுத்தது நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்தபின் பழைய வேலையில் இருந்தாக வேண்டிய காலம். ஐடி நிறுவனங்கள் பலவற்றில் அது 90 நாள். ஆள் அவசரமாகத் தேவைப்படுகிறவர்கள் முதலில் தேடுவதே இந்த வரியைத்தான். ராஜினாமா கொடுத்தாயிற்று என்றால் கடைசி வேலை நாளைத் தேதியோடு எழுதுங்கள். பணம் கட்டிச் சீக்கிரம் வெளியேறலாம் என்று நினைத்தால், உங்கள் ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள். 'இம்மீடியட் ஜாய்னர்' என்று போட்டுவிட்டு, ஆஃபர் வந்தபின் 60 நாள் கேட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

சேலம், கோவையிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் எந்த மாதம் பெங்களூர் வருவீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அல்சூரில் குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டியில் ஷிப்ட் வேலை கேட்பவருக்கும், தினமும் ஓசூரிலிருந்து வர நினைப்பவருக்கும் போக்குவரத்து பற்றி ஒரு வரி தேவை. கன்னடம் பேச வரும், எழுதப் படிக்க வராது என்றால் அப்படியே எழுதுங்கள். விற்பனை, மருத்துவமனை, தொழிற்சாலை வேலைகளில் பேசத் தெரிவதற்கே மதிப்பு உண்டு.

நடுவில் வேலையில் இல்லாத இடைவெளி இருந்தால் மறைக்க வேண்டாம், அழவும் வேண்டாம். 'அம்மாவின் சிகிச்சைக்காக 2022 ஜூன் முதல் 2024 மார்ச் வரை ஊரில் இருந்தேன். இப்போது முழுநேர வேலைக்குத் தயார்' என்றால் போதும். நோயின் பெயர்கூட அவசியமில்லை.

மெயிலாக அனுப்பினால் 150 முதல் 200 சொற்கள்; தனி இணைப்பாக வைத்தால் அதிகம் போனால் ஒரு பக்கம், பிடிஎஃப் ஆக. ஆதார் எண், பான் எண் எதற்கும் இதில் இடமில்லை. ஏஐ எழுதித் தந்ததை அப்படியே ஒட்டினால் பத்துப் பேர் கடிதம் ஒரே குரலில் பேசும். சம்பவமும் எண்ணும் உங்களுடையதாக இருந்தால், ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்ள மட்டும் அதைப் பயன்படுத்துவதில் தப்பில்லை.

நம் இனிஷியலும் ஒரு தலைவலி. படிவத்தில் 'லாஸ்ட் நேம்' கேட்கும்போது அப்பா பெயரைப் போட்டிருப்போம். பதில் மெயில் அப்பாவுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு வரும்! கடிதத்தின் அடியில் ரெஸ்யூமில் உள்ளபடியே பெயரை எழுதி, எப்படி அழைக்க வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள். அனுப்புமுன் உங்களுக்கே ஒரு முறை அனுப்பி, போனில் திறந்து பாருங்கள். போன வாரம் விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயர் அதில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும்.